மலைப்பாதையில் தோளில் மாட்டிக்கொள்ளும் வாக்கி டாக்கி: அமெரிக்காவில் உரிமம் எடுப்பது முதல் பேசிப் பழகுவது வரை

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்த கோடையில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போனோம். மிஸ்ட் டிரெயிலில் வெர்னல் அருவிக்குக் கீழே ஒரு பாலம் வரும். மாமாவுக்கு முழங்கால் வலி. "நாங்க இங்கேயே உட்கார்ந்திருக்கோம், நீங்க மேலே போய்ட்டு வாங்க" என்றார். பிள்ளைகளோடு படியேறி, நெவாடா அருவியின் தலைக்குப் போய், ஜான் மியூர் பாதை வழியாக இறங்கி வர, சொன்ன நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் அதிகமாகிவிட்டது. எங்கள் யாருடைய கைபேசியிலும் சிக்னல் இல்லை. பாலத்துக்கு வந்தபோது அத்தை அழுதுகொண்டிருந்தார். மாமா எங்களைத் தேடிப் பாதி வழி ஏறிவிட்டிருந்தார்.

அன்று இரவே வாக்கி டாக்கி வாங்குவது என்று முடிவெடுத்தேன். எது வாங்குவது, எதற்கு உரிமம் வேண்டும், விண்ணப்பம் ஏன் ரத்தானது, கருவி இருந்தும் ஏன் குரல் கேட்கவில்லை என்று ஒவ்வொன்றிலும் முட்டி மோதித் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடை முழுவதும் ஆனது. வேலை நிமித்தம் அமெரிக்காவில் குடும்பத்தோடு இருந்து, வார இறுதிகளில் மலையேறும் தமிழர்கள் இதே வழியில் போவீர்கள் என்று தெரியும். எனக்கு ஆன அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. இது எதற்கு உதவும், எதற்கு உதவாது

இந்தக் கருவிகள் உங்கள் குழுவுக்குள் பேசிக்கொள்ள மட்டும்தான். மறுமுனையில் யாராவது கருவியைத் திறந்து, அதே சேனலில், கேட்கும் தூரத்தில் இருந்தால்தான் உங்கள் குரல் போய்ச் சேரும். மலையில் கால் உடைந்து கிடக்கும்போது அழைத்தால் ரேஞ்சர் எடுத்துப் பேசுவார் என்று நம்பி ஏறாதீர்கள். இந்தச் சேனல்களை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும் அலுவலகம் எதுவும் இல்லை.

உயிர் ஆபத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஐஃபோன் 14 முதல் வந்த மாடல்களில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. பி.எல்.பி. என்ற சிறிய அவசரக் கருவியும் கிடைக்கிறது. அதற்கு மாதச் சந்தா கிடையாது, அமெரிக்க அரசின் நோவா அமைப்பிடம் இலவசமாகப் பதிவு செய்தால் போதும். வாக்கி டாக்கி வாங்கியாகிவிட்டது என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் மலையில் பெரும்பாலான நாள்களில் வருவது உயிர் ஆபத்து அல்ல. "எங்கே இருக்கீங்க?", "இடது பக்கப் பாதையில திரும்பிட்டோம்", "தண்ணி தீர்ந்துபோச்சு", "அம்மாவுக்குத் தலை சுத்துது, கொஞ்சம் நில்லுங்க" என்ற செய்திகள்தான். அதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

2. எஃப்.ஆர்.எஸ்.ஸா, ஜி.எம்.ஆர்.எஸ்.ஸா?

கடையில் பார்க்கும் பெட்டிகளில் இந்த இரண்டு ரேடியோ சேவைகளின் பெயர்கள்தான் மாறி மாறி இருக்கும். இரண்டும் ஒரே 22 சேனல்களில் பேசுகின்றன. ஒன்றில் பேசுவது மற்றொன்றில் கேட்கும்.

எஃப்.ஆர்.எஸ். கருவிக்கு உரிமம் தேவையில்லை. வாங்கிய அன்றே பேசலாம். சக்தி அதிகபட்சம் 2 வாட். ஆன்டெனாவைக் கழற்றி மாற்ற முடியாது.

ஜி.எம்.ஆர்.எஸ். கருவிக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் உரிமம் கட்டாயம். கையில் வைத்திருக்கும் கருவிகள் பொதுவாக 5 வாட் வரை வரும், நல்ல ஆன்டெனா மாட்டலாம், மலையுச்சிகளில் இருந்து குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்களையும் அவற்றின் உரிமையாளர் அனுமதியோடு பயன்படுத்தலாம். தேர்வு எதுவும் கிடையாது. கட்டணம் 35 டாலர், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

இதில் நம் குடும்பங்களுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. ஒருவர் உரிமம் எடுத்தால் அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், அத்தை, மாமா, சித்தப்பா, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், திருமண வழி உறவுகள் எல்லோரும் அதே உரிமத்தின் கீழ் பேசலாம். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவும் இதில் அடக்கம். எங்கள் வீட்டில் ஒரே உரிமத்தில் ஆறு பேர் பேசுகிறோம்.

ஒரு பொறி இருக்கிறது. நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணன்தான். அந்த விதியின் பட்டியலில் அவர் இல்லை. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா ஆகியோரின் பிள்ளைகள் உங்கள் உரிமத்தில் பேச முடியாது, அவர்கள் தனியாக உரிமம் எடுக்க வேண்டும். நண்பர்களுக்கும் அப்படியே. நண்பர் குடும்பத்தோடு போவதாக இருந்தால் அவர்கள் கையில் எஃப்.ஆர்.எஸ். கருவி இருக்கட்டும். சட்டச் சிக்கலே இல்லாமல் இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பாதை தெளிவாக இருக்கும் பூங்காக்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு எஃப்.ஆர்.எஸ். போதும். நேராக ஆறாம் படிக்குப் போய்விடலாம். மாதம் ஒரு முறையாவது மலைக்குப் போகிறவர்கள், குழு இரண்டாகப் பிரிந்து நடக்கும் வழக்கம் உள்ளவர்கள் 35 டாலர் செலவழியுங்கள்.

ஹாம் ரேடியோ உரிமம் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு 35 கேள்விகள் கொண்ட தேர்வு எழுதி 26 சரியாக வாங்க வேண்டும். அருமையான பொழுதுபோக்குதான். ஆனால் அது எழுதியவருக்கு மட்டும் செல்லும், குடும்பத்துக்குச் செல்லாது. அப்பாவையும் அம்மாவையும் தேர்வுக்கு உட்கார வைக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

3. முதலில் எஃப்.ஆர்.என். எண் வாங்குங்கள்

எஃப்.சி.சி.யோடு பணம், விண்ணப்பம் என்று எந்த வேலைக்கும் எஃப்.ஆர்.என். என்ற பத்து இலக்க எண் வேண்டும். எஃப்.சி.சி. தளத்தில் 'கோர்ஸ்' என்ற பகுதியில் இலவசமாகக் கிடைக்கும். மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்கு தொடங்கி, வரும் இணைப்பை அழுத்தி உறுதி செய்த பிறகு, தனிநபர் என்று தேர்ந்தெடுத்து எண்ணுக்குப் பதிவு செய்யுங்கள். எண் அப்போதே திரையில் வந்துவிடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சோஷியல் செக்யூரிட்டி எண், அமெரிக்க அஞ்சல் முகவரி, அடிக்கடி பார்க்கும் மின்னஞ்சல், பணம் கட்ட ஒரு கார்டு. பாஸ்போர்ட், விசா நகல் எதையும் பதிவேற்றத் தேவையில்லை.

குடியுரிமை வேண்டுமா என்றுதான் என்னிடம் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹெச்1பி-யில் இருக்கும் நீங்கள் வெளிநாட்டுக் குடிமகன்தானே தவிர வெளிநாட்டு அரசின் பிரதிநிதி அல்ல. படிவத்தில் அந்தக் கேள்வி வரும்போது குழம்பி 'ஆம்' போட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் மட்டும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் அவர் பெயரிலேயே உரிமம் எடுங்கள். மற்றவர்களுக்கு அதுவே போதும் என்று மேலே பார்த்தோம்.

முகவரி விஷயத்தில் நின்று யோசியுங்கள். நீங்கள் கொடுக்கும் பெயரும் அஞ்சல் முகவரியும் உரிமத்தோடு பொதுத் தரவுத்தளத்தில் வெளியாகும். உங்கள் கால் சைன், அதாவது உரிமத்தோடு வரும் அடையாளக் குறி, தெரிந்த யாரும் தட்டிப் பார்த்து உங்கள் வீடு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். நான் இது தெரியாமல் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, உரிமம் வந்த பிறகு என் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அஞ்சல் பெட்டி முகவரி கொடுக்க அனுமதி உண்டு. தனியாக வசிக்கும் பெண்கள் அப்படிச் செய்வதே நல்லது என்று அழுத்திச் சொல்வேன். பின்னால் மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் ஒரு முறை வெளியானது வேறு தளங்களில் பிரதியாகிவிடும்.

4. விண்ணப்பம்: எங்கே வழுக்கும்

எஃப்.ஆர்.என். எண்ணோடு 'லைசென்ஸ் மேனேஜர்' பகுதிக்குள் நுழைந்து புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்ன சேவை என்று கேட்டு நீளமான பட்டியல் ஒன்று விரியும். அதில் கடைசிப் பக்கமாக, 'இசட்.ஏ' என்ற எழுத்துகளோடு ஜி.எம்.ஆர்.எஸ். இருக்கும். பாதியிலேயே கண்ணில் படும் வேறு ரேடியோ சேவையைத் தேர்ந்தெடுத்து விடாதீர்கள். கட்டணம் கட்டிவிட்டால் பணம் திரும்பாது.

அப்புறம் சில ஆம்/இல்லை கேள்விகள். கட்டணத்திலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டா? விதிகளில் தளர்வு கேட்கிறீர்களா? இணைப்பு ஏதாவது சேர்க்கிறீர்களா? நம்மைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றுக்கும் 'இல்லை'. ஒன்றில் 'ஆம்' போட்டாலும் அதற்கான ஆவணம் கேட்டு விண்ணப்பம் நின்றுபோகும். கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா என்றும் ஒரு கேள்வி வரும். உள்ளதைச் சொல்லுங்கள்.

கையெழுத்து என்பது பெயரைத் தட்டச்சு செய்வதுதான். இனிஷியல் சிக்கல் நம்மவர்களுக்கு எங்கும் உண்டு, இங்கும் உண்டு. எஃப்.ஆர்.என். பதிவில் அப்பா பெயரை எந்த இடத்தில், எப்படிப் போட்டீர்களோ அதே மாதிரி இங்கும் போடுங்கள். பதிவு செய்யும்போதே திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்த இடத்தில் தடுமாற மாட்டீர்கள்.

எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

5. பத்து நாளுக்குள் பணம் கட்டுங்கள்

என் முதல் விண்ணப்பம் செத்த இடம் இதுதான். படிவத்தை அனுப்பியதும் விண்ணப்ப எண் வந்தது. வேலை முடிந்தது, பில் வரும், கட்டலாம் என்று இருந்துவிட்டேன். பணம் அதே தளத்தில் தனியாகப் போய்க் கட்ட வேண்டும். விண்ணப்பித்த பத்து நாட்காட்டி நாள்களுக்குள் கட்டாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். சனி, ஞாயிறும் அந்தப் பத்தில் சேர்த்திதான். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

எனவே படிவம் அனுப்பிய கையோடு, எழுந்திருக்காமல், 35 டாலரைக் கட்டிவிட்டு ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டியபின் எனக்கு இரண்டு நாளில் உரிமம் வந்தது. பெரும்பாலும் சில நாள்களில் வந்துவிடும். ஆனாலும் பயணத் தேதிக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதீர்கள். மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கினால் கருவி வாங்க, பழக, தவறு நேர்ந்தால் திருத்த நேரம் இருக்கும்.

உரிமம் தபாலில் வராது. மின்னஞ்சல் பார்த்து, லைசென்ஸ் மேனேஜரில் நுழைந்து, அதிகாரபூர்வ நகலை நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். அதில் எழுத்தும் எண்ணுமாக உங்கள் கால் சைன் இருக்கும். அது தரவுத்தளத்தில் ஏறும்வரை ஜி.எம்.ஆர்.எஸ். கருவியில் பேசக் கூடாது. நகலைக் கைபேசியில் சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி சேமித்து வையுங்கள்.

இந்த வேலையைச் செய்துதர நூறு டாலர் வரை கேட்கும் இடைத்தரகர் தளங்களைப் பார்த்திருக்கிறேன். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் இருக்கும். முகவரி அரசுக்குரிய முடிவோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத் தட்டுங்கள்.

6. கருவி வாங்கும்போது

பெட்டியில் '36 மைல்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஒரு மலையுச்சியிலிருந்து இன்னோர் உச்சிக்கு, நடுவில் எதுவும் இல்லாதபோது. சமதரையில் இரண்டு பேர் நின்றுகொண்டு பேசினால், தடையே இல்லாவிட்டாலும், பூமியின் வளைவே ஆறு மைல் சுமாரில் மறைத்துவிடும். அடர்ந்த மரங்கள் இருந்தால் ஒரு மைல் கிடைத்தால் மகிழ்ச்சி. யோசெமிட்டி மாதிரிக் கருங்கல் மலைகளில் பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினாலே குரல் அறுந்துபோகும். அதே நேரம் திறந்த மேட்டிலிருந்து பள்ளத்தாக்குக்குப் பத்து மைல் தாண்டியும் தெளிவாகப் பேசியிருக்கிறேன். 2 வாட்டுக்குப் பதில் 5 வாட் வாங்கினால் தூரம் இரண்டரை மடங்கு ஆகாது. நாலு அடி மேடேறி நிற்பது பல நேரங்களில் அதைவிட அதிகம் உதவும்.

உடம்பில் மாட்டும் கருவிகள் இரண்டு வகை. ஒன்று, கராபினர் கொக்கியோடு பையின் தோள்பட்டையில் அப்படியே தொங்குவது. ராக்கி டாக்கி இந்த வகை. இன்னொன்று, கருவி பைக்குள்ளே இருக்க, சுருள் ஒயரில் வரும் கைமைக் மட்டும் தோளில் இருப்பது. பி.சி.ஏ. லிங்க் இப்படி வருவது, பனிச்சறுக்குக்காரர்கள் அதிகம் வைத்திருப்பார்கள். கோடை நடைக்கு முதல் வகை எளிது. குளிரில் இரண்டாவது நல்லது, ஏனென்றால் பேட்டரி பைக்குள் கதகதப்பாக இருக்கும், சேனல் பொத்தான்கள் மைக்கிலேயே இருக்கும்.

விலை, நான் வாங்கியபோது பார்த்தபடி: சாதாரண எஃப்.ஆர்.எஸ். ஜோடி 40 முதல் 80 டாலர். மலைக்கென்று செய்த உறுதியான கருவி, ஒன்றுக்கே 100 டாலருக்கு மேல். 5 வாட் ஜி.எம்.ஆர்.எஸ். கருவிகளில் சீனத் தயாரிப்புகள் ஒன்று 30, 40 டாலருக்குக் கிடைக்கும், அதற்குத் தோள் மைக் தனியாக 20 டாலர் சுமார். நான் பெற்றோர் கையில் கொடுக்க விலை கூடியதையும், எனக்கு மலிவானதையும் வாங்கினேன். காரணம், வயதானவர்களுக்குப் பொத்தான்கள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். மலிவான கருவிகளில் பதினைந்து சின்னப் பொத்தான்கள் இருக்கும்.

வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். கருவியின் பின்புறம் எஃப்.சி.சி. அடையாள எண் இருக்க வேண்டும், அது ஜி.எம்.ஆர்.எஸ்.ஸுக்கென்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பலரும் பரிந்துரைக்கும் பாஃபெங் யு.வி.-5ஆர் ஹாம் ஆட்களுக்கானது, இந்தச் சேனல்களில் பேச அதற்குச் சான்று இல்லை. அதே மாதிரித் தோற்றத்தில் ஜி.எம்.ஆர்.எஸ்.ஸுக்கென்றே சான்று பெற்ற மாடல் தனியாக உண்டு. ஒரே எழுத்து மாற்றத்தில் ஏமாந்து, நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்து, நீர் தாங்கும் அளவு. ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிப்புக்கு மட்டும். அருவிச் சாரலில் நனைந்துகொண்டே ஏறும் பாதைக்கு முதலாவதுதான் நல்லது. மூன்றாவது, சார்ஜ் எப்படி? யு.எஸ்.பி.-சி இருந்தால் கைபேசிக்குக் கொண்டுபோகும் பவர் பேங்கே போதும்.

7. எங்கே மாட்டுவது

கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, பையின் தோள்பட்டையில், எந்தக் கையால் பொத்தானை அழுத்துவீர்களோ அதற்கு எதிர்த் தோளில். வலக்கைக்காரருக்கு இடத்தோள். ஆன்டெனா மேல்நோக்கி நிற்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் மாட்டினால் உங்கள் உடம்பே அலையில் பாதியைக் குடித்துவிடும். பையின் அடியில் போட்டால் வைத்திருப்பதே வீண், மற்றவர் கூப்பிடுவது காதில் விழாது.

கொக்கியை மட்டும் நம்பாமல் ஒரு சின்னக் கயிறும் கட்டுங்கள். குனிந்து தண்ணீர் பிடிக்கும்போது ஆற்றில் நழுவி விழுந்த கருவியைப் பார்த்திருக்கிறேன். கயிறு கழுத்தைச் சுற்றி வேண்டாம், கிளையில் மாட்டினால் ஆபத்து. பை பட்டையில் கட்டுங்கள்.

8. வீட்டிலேயே செய்ய வேண்டிய அமைப்புகள்

பாதி பேர் தோற்பது இங்கேதான்.

*சேனல்.* 8 முதல் 14 வரையுள்ள சேனல்களில் எந்தக் கருவிக்கும் அரை வாட்தான் அனுமதி. 5 வாட் கருவி வாங்கிவிட்டு 10-ஆம் சேனலில் பேசிக்கொண்டு 'தூரமே போகலை' என்று புலம்பியவன் நான். 15 முதல் 22 வரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நெரிசல் இருந்தால் மாற இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். கனடா எல்லையை ஒட்டிய மலைகளுக்குப் போனால் 19, 21 சேனல்களுக்குத் தடை இருக்கிறதா என்று எஃப்.சி.சி. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

*தனிமைக் குறியீடு.* பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இதைப் போட்டால் உங்கள் பேச்சு மறையாது, யாரும் கேட்கலாம். அதே குறியீடு வைக்காத மற்றவர் சத்தம் உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். இதில் ஒரு கெட்ட விளைவு உண்டு. ஒரு கருவியில் குறியீடு வைத்து மற்றொன்றில் வைக்காவிட்டால், ஒரு பக்கம் மட்டும் கேட்கும். குறியீடு வைத்தவர் நீங்கள் என்றால், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பதில் சொல்வது உங்களுக்குக் கேட்காது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயந்துபோவீர்கள். குடும்ப நடைக்கு எல்லாக் கருவியிலும் குறியீட்டைச் சுழியத்தில் வைப்பதே என் வழக்கம். வைத்தே தீர வேண்டுமென்றால், வெவ்வேறு நிறுவனக் கருவிகளில் குறியீட்டு எண்ணைப் பார்க்காதீர்கள், கையேட்டில் அதற்கு நேரே இருக்கும் ஹெர்ட்ஸ் அளவைப் பார்த்துப் பொருத்துங்கள்.

*அகலம்.* ஜி.எம்.ஆர்.எஸ். கருவியில் 'வைட்', 'நேரோ' என்று ஒரு அமைப்பு இருக்கும். நண்பரிடம் எஃப்.ஆர்.எஸ். இருந்தால் 'நேரோ'வில் வையுங்கள். இல்லாவிட்டால் குரல் கரகரக்கும், அல்லது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் சன்னமாகக் கேட்கும்.

*பொத்தான் பூட்டு.* அடுத்த முறை மாமாவைக் கருவியோடு பாலத்தில் உட்காரவைத்துவிட்டு ஏறினோம். முதல் அரை மணி நேரம் நன்றாகப் பேசினார். அப்புறம் நாற்பது நிமிடம் சத்தமே இல்லை. பையை மடியில் வைத்தபோது பட்டை அழுத்திச் சேனல் மாறியிருந்தது. அவர் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், வேறு சேனலில். அன்றிலிருந்து பொத்தானைப் பூட்டாமல் யார் கையிலும் கருவி கொடுப்பதில்லை. பூட்டியபின்னும் பேசும் பொத்தான் வேலை செய்யும், கவலை வேண்டாம்.

*வாக்ஸ்.* பொத்தான் அழுத்தாமல் குரலைக் கேட்டுத் தானே திறந்துகொள்ளும் வசதி. மலைக்காற்றுக்கும் மூச்சு வாங்குவதற்கும்கூடத் திறந்துகொண்டு, குழுவில் வேறு யாரும் பேச முடியாதபடி சேனலை அடைத்துவிடும். அணைத்து வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கருவியின் பின்னால் ஒரு சின்ன ஒட்டுத்தாளில் சேனல் எண், மாற்றுச் சேனல் எண், உங்கள் கால் சைன் மூன்றையும் தமிழிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அத்தைக்கு அந்தத் தாள்தான் தைரியம்.

9. பேசும் முறை

பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். அழுத்திய உடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும். "வராதீங்க" என்பதில் முதல் பாதி போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, கத்தாமல், வழக்கமான குரலில் பேச வேண்டும். முதலில் யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவர், பிறகு நீங்கள் யார், பிறகு செய்தி. "மாமா, நான் பேசறேன். பெரிய அருவிக்கு மேலே வந்துட்டோம். எல்லாரும் நல்லா இருக்கோம். ஓவர்." கேட்டவர் செய்தியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஓவர்' சொல்வது சினிமாத்தனமாகத் தோன்றும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாத கருவியில் அது அவசியம்.

தமிழில் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். ஜி.எம்.ஆர்.எஸ்.ஸில் கால் சைனை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. பேச்சு முடியும்போது ஒரு முறை, பேச்சு நீண்டால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை. குடும்பத்தினர் பேசும்போதும் உரிமம் எடுத்தவருடைய கால் சைனைத்தான் சொல்ல வேண்டும். எஃப்.ஆர்.எஸ்.ஸில் கால் சைனே கிடையாது. ஆனால் சுற்றியிருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக் கார் சாவி எங்கே வைத்தோம், எந்த விடுதியில் தங்குகிறோம் என்றெல்லாம் பேச வேண்டாம். மிஸ்ட் டிரெயிலில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை தமிழ்க் குரல் கேட்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம் குறிப்பது. பாறை மறைத்துக் குரல் கேட்காத நேரம் கண்டிப்பாக வரும். பிரியும் முன்பே, ஒவ்வொரு மணி நேரமும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் இரு தரப்பும் திறந்த இடமாகப் பார்த்து நிற்பது என்று முடிவு செய்யுங்கள். அந்த முறை கேட்காவிட்டால் அடுத்த மணிக்கு. தொடர்ந்து இரண்டு முறை கேட்காவிட்டால் யார் எங்கே வருவது, அதையும் பேசிவிடுங்கள். மாமா தேடிக்கொண்டு ஏறியது இப்படி ஒரு பேச்சு இல்லாததால்தான். இப்போது மேலே போகும் நாங்கள் கிளார்க் பாயின்ட் போன்ற திறந்த திருப்பங்களில் நின்று கூப்பிடுகிறோம். அருவி பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டால் இரைச்சலில் எதுவும் கேட்காது.

10. பயணத்துக்கு முந்தின வாரம்

கைபேசி வேலை செய்யும் ஒரு சின்ன மலையில் ஒத்திகை பாருங்கள். விரிகுடாப் பகுதியில் இருப்பவர்களுக்கு மிஷன் பீக் இருக்கிறது. பாதி பேர் கீழே, பாதி பேர் மேலே. கேட்காவிட்டால் கைபேசியில் கூப்பிட்டு என்ன தவறு என்று பார்த்துத் திருத்தலாம். பெரியவர்கள் கையில் கருவியைக் கொடுத்து அவர்களையே கூப்பிடச் சொல்லுங்கள், நீங்கள் அழுத்திக் கொடுக்காதீர்கள்.

முந்தின இரவு முழு சார்ஜ். ஏ.ஏ. பேட்டரி போடும் கருவி என்றால் இன்னொரு செட் பையில். விமானத்தில் போனால் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது.

11. ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள்

மாமாவுக்கு அந்தக் கருவி ரொம்பப் பிடித்துவிட்டது. திரும்பும்போது கொடைக்கானலில் பேரன்களோடு நடக்கலாம் என்று ஜோடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நல்ல வேளையாகக் கிளம்பும் முன் பார்த்தேன்.

அமெரிக்காவில் இந்தக் கருவிகள் பேசும் 462, 467 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு இந்தியாவில் உரிம விலக்கு இல்லை. அங்கே உரிமமில்லாமல் பேச அனுமதிக்கப்பட்ட வாக்கி டாக்கிகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள், குறைந்த சக்தியில் பேசுபவை, இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உபகரண ஒப்புதல் பெற்றவை. உங்கள் எஃப்.சி.சி. உரிமம் அங்கே செல்லாது. இன்-ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவிகள் இன்னும் சிக்கல். முன் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். மலையேறும் பையை அப்படியே தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பக்கவாட்டு அறைகளைக்கூட ஒரு முறை கொட்டிப் பாருங்கள்.

மாமாவிடம் விவரம் சொன்னதும் கருவிகளை எடுத்துத் தந்துவிட்டார். ஒட்டுத்தாளை மட்டும் உரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார், அடுத்த முறை வரும்போது சேனல் எண் மறக்கக் கூடாதாம்.